பண்டிகை நாளில் வீட்டுப் பெரியவர்களையும் சேர்த்துக்கொள்ள: முழுமையான வழிகாட்டி

பண்டிகைக்கு ஆள் கூட்டும் பொறுப்பு இந்த வருஷம் உங்கள் தலையில் விழுந்திருக்கிறது, வருகிறவர்களில் எழுபதோ எண்பதோ தாண்டிய பாட்டாவோ அம்மாச்சியோ இருக்கிறார்கள் என்றால் இது உங்களுக்கு. கிறிஸ்துமஸை வைத்தே அதிகம் சொல்கிறேன். குமரி மாவட்டத்தில் வெளியூர்ப் பிள்ளைகள் பெரிய கூட்டமாக வந்து இறங்குவது அப்போதுதான். ஓணம், தீபாவளி, பொங்கல், சித்திரை விஷு, ஊர்த் திருவிழா எதுவானாலும் வரிசை இதேதான்.

எங்கள் குடும்பத்தில் இந்தப் பொறுப்பு ரொம்ப நாளாக என்னிடம் இருக்கிறது. புதிதாக எடுத்துச் செய்கிறவர்கள் எல்லோரும் தடுமாறுவது ஒரே இடத்தில். முதலில் சமையல் பட்டியல் போடுகிறார்கள், அப்புறம் யார் யார் எப்போது வருவார்கள் என்று பார்க்கிறார்கள், கடைசியில் "பாட்டாவை யாரு கூட்டிட்டு வாறது?" என்கிறார்கள். அதற்குள் நாளின் நேரமெல்லாம் முடிவாகிவிடுகிறது, மிச்சமிருக்கும் இடுக்கில் பாட்டாவை நுழைக்க வேண்டியதாகிவிடுகிறது. இதை அப்படியே திருப்பிப் போட வேண்டும். முதலில் அவருடைய நேரம், அடுத்து அவருடைய வேலை, அதற்கு அப்புறம்தான் மெனு.

1. மூன்று வாரம் முன்பே நேரில் போய்க் கேளுங்கள்

"வருவீங்களா?" என்று கேட்காதீர்கள். அதற்கு நம் ஊர்ப் பெரியவர்களிடம் இருக்கும் பதில் ஒன்றே ஒன்று: "எனக்கு என்ன மக்கா, நீங்க சந்தோஷமா இருந்தா போதும்." இதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறவர்கள் உண்டு, மறுப்பு என்று எடுத்துக்கொள்கிறவர்களும் உண்டு. யாருக்கும் பாரமாகிவிடக் கூடாதே என்ற தயக்கம்தான் அந்தப் பதில்.

இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிற மாதிரி கேளுங்கள். "கிறிஸ்துமஸ் ராத்திரிப் பூசைக்கு வரணுமா, காலைல போகலாமா?" "ராத்திரி எங்க வீட்டுல தங்குறீங்களா, சாயந்தரம் கொண்டு விடட்டா?" கடைசியாக, "இந்தத் தடவை யாரைப் பாக்கணும்னு இருக்கு?"

இந்தக் கடைசிக் கேள்விக்குக் கிடைக்கிற பதில் பல சமயம் நாம் எதிர்பார்த்ததாக இருக்காது. பேரப்பிள்ளைகள் பெயர் வரும் என்று நினைத்திருப்போம். இரண்டு ஊர் தள்ளி இருக்கும் தங்கை பெயரோ, ஒரே பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்த பழைய சிநேகிதர் பெயரோ வரும். அந்த ஒருவரை ஒரு மணி நேரம் வரவழைத்துவிட்டால், பெயர் தெரியாத முப்பது உறவினர் வந்ததை விடப் பெரியவருக்கு அது பெரிது. அதற்கு ஒரு ஆட்டோ வாடகைதான் செலவு.

கேட்கும்போது தனியாகக் கேளுங்கள். அவர் இருப்பது மகன் வீட்டில் என்றால், மகனும் மருமகளும் பக்கத்தில் நிற்கும்போது மனசில் இருப்பது வெளியே வராது.

அந்த வருஷம் வீட்டில் ஒரு சாவு நடந்திருந்தால் இன்னும் கவனம் வேண்டும். பல இந்துக் குடும்பங்களில் அந்த வருஷம் பண்டிகை கிடையாது. கிறிஸ்தவக் குடும்பங்களில் கொண்டாட்டத்தைக் குறைத்துக்கொள்வார்கள். துணையை இழந்தவரிடம் போய், "மனசு மாறும், வாங்க" என்று இழுக்கவும் வேண்டாம், "அவங்க வர மாட்டாங்க" என்று நீங்களே தீர்மானித்துவிடவும் வேண்டாம். "அன்னைக்கு என்ன செய்யணும்னு தோணுது?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். கல்லறைக்குப் போய் ஒரு மெழுகுவர்த்தி கொளுத்திவிட்டு அப்புறம் சாப்பிட வருகிறேன் என்று சொல்லக்கூடும். சரி, அன்றைய முதல் நிகழ்ச்சி அதுதான்.

2. அவர்களுடைய நல்ல நேரத்தைக் கண்டுபிடித்து, மற்றதை அதைச் சுற்றி வையுங்கள்

ஒவ்வொரு பெரியவருக்கும் நாளில் இரண்டு மூன்று மணி நேரம் தெளிவான நேரம். வலி குறைவாக இருக்கும், பேச்சு கேட்கும், சிரிப்பு வரும். பெரும்பாலானவர்களுக்கு அது காலை உணவு முடிந்ததிலிருந்து மதியச் சாப்பாடு வரை. மறதி நோய் உள்ளவர்களில் பலருக்குச் சாயந்தரம் ஆக ஆகக் குழப்பமும் பதற்றமும் கூடும். கூட இருந்து பார்த்துக்கொள்கிறவரிடம் கேட்டால் மணியோடு சொல்லிவிடுவார்.

அது காலை பத்திலிருந்து ஒன்று வரை என்றால், எல்லோரும் கூடியிருக்க வேண்டிய காரியங்கள் அத்தனையும் அதற்குள் வர வேண்டும்: குடும்ப ஜெபம், கேக் வெட்டுவது, பிள்ளைகளுக்குப் பணம் கொடுப்பது, குரூப் போட்டோ. போட்டோவைக் கடைசிக்குத் தள்ளாதீர்கள். நாலு மணிக்கு எடுத்த படத்தில் எல்லோரும் சிரித்துக்கொண்டிருப்பார்கள், நடுவில் பாட்டி மட்டும் சோர்ந்து கண்மூடியிருப்பார்.

ராத்திரிப் பூசை விஷயத்தில்தான் வீடுகளில் சண்டையே வரும். "வருஷா வருஷம் போனவங்க, விட்டா வருத்தப்படுவாங்க" என்று ஒரு கட்சி, "பனியில கூட்டிட்டுப் போகாத" என்று இன்னொரு கட்சி. அவர்கள் போயே தீர வேண்டும் என்றால், 24-ஆம் தேதி பகலில் நன்றாகத் தூங்கவைத்து, ராத்திரிப் பூசைக்குக் கூட்டிப்போய், 25 காலை முழுக்க ஓய்வுக்கு விட்டுவிடுங்கள். நிகழ்ச்சிகளை மாலை நாலு மணிக்குத் தள்ளலாம். ராத்திரியும் வேண்டும், காலையும் வேண்டும், மதிய விருந்தும் வேண்டும் என்று மூன்றையும் கட்டினால் மறுநாள் காய்ச்சலும் உடம்பு வலியும்தான் மிச்சம். சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) சபைகளின் விடியற்காலை ஆராதனைக்கும் இதே கணக்குதான்.

வீடு வீடாகக் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடி வரும் கேரல் குழு நடுராத்திரியில் மேளத்தோடு வந்து இறங்கும். சபையில் பொறுப்பாளரிடம் முன்கூட்டியே சொன்னால் உங்கள் வீட்டை வரிசையில் முதலில் வைத்துக்கொள்வார்கள். இதை யாரும் கேட்பதில்லை, கேட்டால் யாரும் மறுப்பதும் இல்லை.

திருவிழாக்களில் தேர் நாளைத்தான் எல்லோரும் குறிவைப்பார்கள். கோட்டாறு சவேரியார் திருவிழா டிசம்பர் 3-இல் முடிகிறது. கடைசி நாட்களின் கூட்டத்தில் வாக்கரோடு ஒருவரை நகர்த்த முடியாது. நடுவில் ஒரு வார நாள் காலையில் கூட்டிப்போனால் பீடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நிதானமாக ஜெபிக்கலாம். சுசீந்திரம் மார்கழித் திருவிழாவுக்கும் தேரோட்டத்தை விட்டு வேறொரு நாள் போங்கள்.

தீபாவளிக்குத் தமிழ்நாட்டில் சில வருஷங்களாகப் பட்டாசு நேரம் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்றுதான் அறிவிக்கிறார்கள். மூச்சு இளைப்பு உள்ளவர் இருந்தால் அந்த நேரங்களில் ஜன்னலை அடைத்து உள்ளறையில் இருக்கவையுங்கள். அவர்களுக்கான எண்ணெய்க் குளியல் ஏழு மணிக்கு மேல் வெந்நீரில் நடந்தால் போதும்.

3. மருந்து, டாக்டர், ஒரு பை

பண்டிகைக்கு ஒரு வாரம் முன்னால் மாத்திரை இருப்பைப் பாருங்கள். 25-ஆம் தேதி காலையில் மருந்துக்கடை தேடி அலையக் கூடாது. வழக்கமாகப் பார்க்கிற டாக்டர் லீவில் போகிறாரா என்றும் கேட்டு வையுங்கள்.

அவரிடம் கேட்க வேண்டிய முக்கியமான இரண்டு கேள்விகள் உண்டு. முதலாவது, சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவருக்குச் சாப்பாடு தாமதமானால் என்ன செய்வது. விருந்து வீட்டில் ஒரு மணிச் சாப்பாடு இரண்டரைக்குத்தான் வரும். மருந்தைப் போட்டுவிட்டுக் காத்திருந்தால் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும். இரண்டாவது, நீர் போகிற மாத்திரை. காலையில் அதைப் போட்டுவிட்டுக் காரில் ஏறினால் வழி முழுக்க அவஸ்தை. அதற்குப் பயந்து பெரியவர்கள் வீட்டில் சொல்லாமலேயே மாத்திரையை விட்டுவிடுவார்கள், தண்ணீரும் குடிக்க மாட்டார்கள். நேரத்தை மாற்றலாமா என்பதை டாக்டர் சொல்லட்டும், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

பையில் இருக்க வேண்டியவை: அன்றைக்கும் மறுநாளைக்கும் மாத்திரை, மருந்துச் சீட்டின் நகல், கண்ணாடி, காது மெஷினுக்கு மாற்று பேட்டரி, பல் செட் டப்பா, ஒரு மாற்று உடை, தேவைப்பட்டால் டயப்பர், அவர்கள் வழக்கமாகப் போர்த்தும் போர்வை. அந்தப் போர்வை எதற்கு என்று சிரிப்பார்கள். புது இடத்தில் தூக்கம் வருவதற்கு அதைப் போல எதுவும் உதவாது.

ஹோம் நர்ஸ் வைத்திருக்கும் வீடுகளில் எல்லோரும் மறக்கிற விஷயம் ஒன்று. அவருக்கும் பண்டிகை உண்டு. 24 சாயந்தரம் அவர் கிளம்பும்போது "என்ன, லீவா?" என்று திகைக்காமல், மூன்று வாரம் முன்பே கேட்டு, யார் யார் எந்த நேரம் பார்த்துக்கொள்வது என்று எழுதிவிடுங்கள். அவர் இருக்கிறார் என்றால், பாத்திரம் கழுவ அடுக்களைக்கு இழுக்காதீர்கள். அன்றைக்குத்தான் அவர் பெரியவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

4. வீட்டைச் சரிசெய்வது

வாசலில் தொடங்குங்கள். ஐப்பசி கார்த்திகை மழைக்கு முற்றத்திலும் படியிலும் பாசி பிடித்திருக்கும். ஓணத்துக்கு வருகிறவர்களுக்கு ஆனி ஆடி மழை விட்டுப்போன பாசி. இரண்டு நாள் முன்னால் பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்துக் கழுவிவிடுங்கள். நம் பக்கம் மேடும் பள்ளமுமான பூமி, படி உயரமாக இருக்கும். பிடித்து ஏற ஒரு பக்கம் கைப்பிடி இல்லையென்றால் ஒரு ஆள் நிற்க வேண்டும்.

உள்ளே வந்தால் பார்க்க வேண்டியவை தரைவிரிப்பின் சுருண்ட ஓரம், புல்கூட்டுக்கும் (இயேசு பிறந்த குடில்) ஸ்டாருக்கும் இழுத்த சீரியல் லைட் வயர், நடைபாதையில் கிடக்கும் செருப்புகள். ஓணத்துக்குப் போடும் அத்தப்பூக் கோலத்தை நடுவாசலில் போடாமல் கொஞ்சம் ஒதுக்கிப் போடுங்கள். கண் சரியாகத் தெரியாதவர் மிதித்துவிட்டால் நாள் முழுக்க அதையே நினைத்து வருந்துவார்.

நாற்காலிக்குக் கை இருக்க வேண்டும், உட்கார்ந்தால் பாதம் தரையில் முழுதாகப் பதிய வேண்டும். மெத்தென்ற சோபாவில் உட்காரவைத்தால் இரண்டு பேர் சேர்ந்து தூக்கினால்தான் எழ முடியும். கையில்லாத பிளாஸ்டிக் நாற்காலி டைல்ஸ் தரையில் வழுக்கும்.

கழிப்பறையில் வெஸ்டர்ன் இல்லையென்றால் கமோடு நாற்காலி ஒன்று வாங்கி வையுங்கள். தரை காய்ந்திருக்க வேண்டும், கால் துடைக்கும் துணி வழுக்காததாக இருக்க வேண்டும், கதவை உள்ளே தாழ் போட வேண்டாம் என்று சொல்லி வெளியே ஒருவர் நிற்க வேண்டும். முப்பது பேர் வந்திருக்கும் வீட்டில் ஒரு கழிப்பறையை அவர்களுக்கென்றே விட்டுவிடுவது நல்லது. வரிசையில் நிற்க வெட்கப்பட்டு அடக்கிக்கொள்வார்கள்.

ஒரு அறையில் கட்டிலைக் காலியாக வையுங்கள். வந்தவர்களின் பைகளும் கிஃப்ட் பெட்டிகளும் குவிகிற இடம் அதுதான், அதனால் கதவில் ஒரு தாள் ஒட்டிவிட்டாலும் தப்பில்லை.

5. உண்மையான வேலை கொடுங்கள்

இதை அரைகுறையாகச் செய்தால் மேலே சொன்ன அத்தனையும் வீண். நல்ல நாற்காலி, நல்ல நேரம், நல்ல சாப்பாடு எல்லாம் கொடுத்துவிட்டு, பெரியவரை ஹாலின் நடுவில் உட்காரவைத்துவிட்டால் அவர் அந்த வீட்டு விருந்தாளி. வருகிறவர்கள் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு அடுக்களைப் பக்கம் போய்விடுவார்கள், அங்கேதானே பேச்சும் சிரிப்பும்.

வேலையைத் தேர்ந்தெடுக்க மூன்று விதி வைத்திருக்கிறேன். உட்கார்ந்தே செய்ய முடிய வேண்டும். பாதியில் விட்டாலும் எதுவும் கெட்டுப்போகக் கூடாது. அவர் செய்யவில்லையென்றால் வேறு யாராவது கட்டாயம் செய்தாக வேண்டிய வேலையாக இருக்க வேண்டும். மூன்றாவது விதியில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். சும்மா பொழுதுபோக்கக் கொடுத்த வேலையைப் பெரியவர்கள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்.

பண்டிகைக்கு முந்தின நாட்கள்தான் இதற்கு ஏற்றவை. பலகாரம் சுடுகிற நாளில் கூட்டம் இருக்காது, அவசரமும் இருக்காது. முந்திரிக்கொத்துக்குச் சிறுபயறு வறுக்கும்போது வாசனையை வைத்தே "இறக்கு, கருகப் போவுது" என்று சொல்ல பாட்டியால் முடியும். கருப்பட்டிப் பாகைத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு, உருட்டிப் பார்த்து, பதம் சொல்வதும் அவர்தான். கை நடுங்கினாலும் விரலுக்கு அந்தப் பதம் தெரியும். நீங்கள் யூடியூப் பார்த்துச் செய்யத் தெரிந்தவராக இருந்தாலும் அன்றைக்குப் போனைத் தூர வையுங்கள். 25-ஆம் தேதி மட்டும் கூட்டிவர முடியும், அல்லது பலகார நாள் மட்டும் கூட்டிவர முடியும் என்ற நிலை வந்தால், நான் பலகார நாளைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

ஆண்களுக்கு என்ன கொடுப்பது என்று கேட்பார்கள். மூங்கில் சீவி, கலர்த்தாள் ஒட்டி ஸ்டார் கட்டின தலைமுறை அது. கடையில் வாங்கின எல்இடி ஸ்டார் ஒரு பக்கம் தொங்கட்டும், ஒரு மூங்கில் ஸ்டாரைப் பேரன் கட்ட, பாட்டா அளவு சொல்லட்டும். கத்தி பேரன் கையில் இருக்கட்டும். புல்கூட்டில் எந்தச் சுரூபம் எங்கே என்பதையும் அவர் முடிவுசெய்யட்டும். ஓணத்துக்கு அத்தத்திலிருந்து திருவோணம் வரை பத்து நாளும் பூ வேண்டும். தோவாளையிலிருந்து வந்த பூவை இதழ் இதழாகப் பிரித்து, நிறவாரியாகத் தட்டில் வைப்பது உட்கார்ந்தபடி செய்கிற வேலைதான். அவியலுக்குக் காய் நறுக்க முடியாதவர் பயறு உரிக்கலாம்.

வேலை நடந்து முடிந்ததும் செய்யக் கூடாத ஒன்று, அவர் கண் முன்னாலேயே அதைத் திருத்துவது. காய் பெரிசும் சிறிசுமாக இருந்தால் அப்படியே வேகட்டும்.

அடுத்தது, கொடுக்கிற இடத்தில் அவரை வைப்பது. சித்திரை விஷுவுக்கு விடியலில் கணி (அலங்கரித்து வைத்த மங்கலப் பொருட்கள்) கண்டதும் மூத்தவர் கைநீட்டப் பணம் கொடுப்பார். கிறிஸ்துமஸுக்கும் பிள்ளைகள் பாட்டா கையிலிருந்து ஏதாவது எதிர்பார்க்கும். ஏடிஎம்மில் வருகிற ஐநூறு ரூபாய்த் தாளை வைத்து இதைச் செய்ய முடியாது. ஒரு வாரம் முன்னால் வங்கியில் பத்து, இருபது, ஐம்பது ரூபாய்ப் புது நோட்டு கேட்டு வாங்கி, கவரில் போட்டு, பெரிய எழுத்தில் பெயர் எழுதி அவர் மடியில் வையுங்கள். அவருக்குப் பென்ஷன் வந்தால் அவர் பணத்திலிருந்தே எடுக்கச் சொல்லுங்கள். "நான் போட்டுக்கிடுகேன், நீங்க சும்மா குடுங்க" என்பது நல்ல மனசுதான், ஆனால் கொடுக்கிற சந்தோஷம் பாதியாகிவிடும்.

ஜெபத்தில் வாசகம் படிப்பது, விளக்கேற்றுவது இரண்டும் மூத்தவருக்கானவை. லூக்கா இரண்டாம் அதிகாரத்தைப் பெரிய எழுத்தில் அச்செடுத்துக் கொடுங்கள். பொடி எழுத்து வேதாகமத்தை அப்படியே நீட்டினால், "கண்ணு தெரியல, நீ படி" என்று ஒதுங்கிவிடுவார். குத்துவிளக்குக்குத் தீக்குச்சி வேண்டாம், ஏற்றின நீளமான மெழுகுவர்த்தியைக் கையில் கொடுங்கள். சேலை முந்தானையைச் செருகிவிட ஒருவர் நிற்கட்டும்.

6. சாப்பாடு

பந்தி எப்போது தொடங்கினாலும், அவர்களுடைய சாப்பாடு வழக்கமான நேரத்தில். முதல் பந்தியிலேயே உட்காரவையுங்கள், கூட இரண்டு பேரப்பிள்ளைகளையும். தனியாக ஒரு தட்டில் அறைக்குள் கொண்டு வைத்துவிட்டு வராதீர்கள். தரையில் இலை போடும் வீடென்றால் அவர்களுக்கு ஒரு மேசையில் இலை, பக்கத்தில் இன்னும் மூன்று பேருக்கு.

பல் இல்லாதவருக்கு அச்சுமுறுக்கு ஆகாது என்று எல்லோருக்கும் தெரியும். முந்திரிக்கொத்தின் உள்ளே இருக்கும் பொடி, வாய் உலர்ந்தவருக்குத் தொண்டையில் அடைக்கும் என்பதுதான் தெரியாது. அதைச் சிறிதாக உடைத்து, கட்டன் சாயா (பால் இல்லாத டீ) பக்கத்தில் வைத்து, நிமிர்ந்து உட்காரவைத்துக் கொடுங்கள். நெய்யப்பம், பாலில் ஊறின ஆப்பம் இதெல்லாம் எளிது. மீன் கறியில் முள்ளை எடுத்துவிட்டு வையுங்கள். மட்டி வாழைப்பழம் ஒரு சீப்பு வாங்கி வைத்தால் மெல்ல முடியாதவருக்கு அவசர உதவி.

சர்க்கரை உள்ளவருக்குப் பாயாசத்தை மறுப்பதா? டாக்டர் கண்டிப்பாகத் தடுத்திருந்தால் சரி. இல்லையென்றால் சோற்றைக் குறைத்துவிட்டு, சாப்பாட்டோடு சேர்த்து சின்னக் கிண்ணத்தில் கொடுங்கள். எல்லோர் முன்னாலும் "உங்களுக்குக் கிடையாது" என்று சொன்னால் பிற்பகலில் யாருக்கும் தெரியாமல் நாலு நெய்யப்பம் போய்விடும். சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்கு இளநீரும் ஏத்தம்பழமும் (நேந்திரம்) பாசத்தோடு நீட்டுகிறவர்கள் உண்டு. இரண்டிலும் பொட்டாசியம் அதிகம், அவர்களுக்கு ஆபத்து. வருகிறவர்களிடம் முதலிலேயே சொல்லி வையுங்கள். இதயக் கோளாறு உள்ளவருக்கு அப்பளம், ஊறுகாய், உப்பேரி (வாழைக்காய் வறுவல்) எல்லாவற்றையும் குறையுங்கள்.

திடீரென்று வியர்வை, நடுக்கம், பேச்சில் குழப்பம் என்றால் சர்க்கரை இறங்கியிருக்கலாம். விழுங்க முடிகிற நிலையில் இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, கால் மணி நேரத்தில் மறுபடியும் பாருங்கள். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

7. கூட்டிவருவது

24-ஆம் தேதி சாயந்தரம் மார்த்தாண்டம், தக்கலை, நாகர்கோவில் எதைக் கடப்பதானாலும் நெரிசல்தான். காலையிலேயே கூட்டிவந்துவிடுங்கள், அல்லது முந்தின நாள்.

காரில் முன் சீட்டைப் பின்னால் தள்ளி, முதலில் முதுகு சீட்டின் பக்கம் இருக்க உட்காரவைத்து, அப்புறம் இரண்டு காலையும் சேர்த்து உள்ளே திருப்புங்கள். ஒரு காலை உள்ளே வைத்துக் குனிந்து ஏறும்போதுதான் தடுமாறுவார்கள். இறங்கும்போது இதையே தலைகீழாகச் செய்து, எழுவதற்கு முன் ஒரு நிமிஷம் உட்கார்ந்திருக்கச் சொல்லுங்கள். சட்டென்று எழுந்தால் தலை சுற்றும்.

8. அன்றைய நாள்

உட்கார இடம்: சுவருக்கு முதுகு, அடுக்களையும் வாசலும் கண்ணில் படும்படி, டிவிக்கும் ஸ்பீக்கருக்கும் தூரமாக. காது மெஷின் போட்டவருக்குக் கூட்டத்தின் இரைச்சல் எல்லாம் ஒரே சத்தமாகத்தான் கேட்கும். எந்தக் காது நல்ல காது என்று தெரிந்துகொண்டு, அந்தப் பக்கம் ஒரு காலி நாற்காலி போட்டுவிடுங்கள். பேச வருகிறவர் தானாக அங்கே உட்காருவார்.

ஆள் முறை: ஒரு மணி நேரத்துக்கு ஒருவர். பெயரும் நேரமும் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டுங்கள். நாற்பது பேர் இருக்கும் வீட்டில் எல்லோரும் பார்த்துக்கொள்வார்கள் என்றால் யாரும் பார்க்க மாட்டார்கள், தண்ணீர் கேட்டுக் கேட்டு அவர் வாயை மூடிக்கொள்வார். முறையில் பதின்பருவப் பிள்ளைகளையும் சேருங்கள். என்ன பேசுவது என்று தெரியாமல் நெளிவார்கள். பழைய ஆல்பம் ஒன்றைக் கையில் கொடுத்து, படத்தில் இருப்பவர்கள் யார் என்று கேட்டு எழுதிவரச் சொன்னால் ஒரு மணி நேரம் தெரியாமல் போகும்.

மறதி உள்ளவரிடம் போய், "நான் யாருன்னு சொல்லுங்க பாப்போம்" என்று கேட்பது நம் ஊரில் வழக்கம். வந்தவர் ஒவ்வொருவரும் கேட்பார்கள். பாட்டிக்கு அது ஓயாத பரீட்சை, ஒவ்வொரு தடவையும் தோற்கிற பரீட்சை. வாசலிலேயே சொல்லி அனுப்புங்கள்: பக்கத்தில் போய், முகத்துக்கு நேராகக் குனிந்து, "பாட்டி, நான் உங்க ரெண்டாவது மகளுக்க மூத்த பையன், சென்னைல இருக்கேன்" என்று முழுதாகச் சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடங்கட்டும். இறந்துபோன தாத்தாவை எங்கே என்று கேட்டால், "அவர் செத்துப் பத்து வருஷமாச்சே" என்று திருத்த வேண்டாம். தாத்தாவைப் பற்றி ஏதாவது கேளுங்கள், அவரே பேசுவார்.

இன்னொன்று. பிள்ளைகள் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் இருக்கிறார்கள் என்று, அன்றைக்கே பாகப்பிரிவினையைப் பேசி முடிக்கப் பார்க்கிறவர்கள் எல்லாக் குடும்பத்திலும் உண்டு. பத்திரம், பட்டா, கையெழுத்து எதுவும் அன்று வெளியே வரக் கூடாது. முந்தின நாளே அண்ணன் தம்பிகளிடம் இதைச் சொல்லி வையுங்கள். கேக் வெட்டின மேசையிலேயே கையெழுத்துக்குத் தாளை நீட்டினால், அடுத்த வருஷம் நீங்கள் கூப்பிடும்போது பெரியவருக்கு முதலில் ஞாபகம் வருவது அதுதான்.

மதியம் சாப்பிட்டதும் இரண்டு மணி நேரம் படுக்கை. அவர் மறுத்தாலும் சத்தமில்லாத அறையில் சாய்ந்தாவது இருக்கட்டும்.

9. வெளிநாட்டுப் பிள்ளைகளின் அழைப்பு

ஆளாளுக்குக் கூப்பிட்டால் நாள் முழுக்க போனைக் காதில் வைத்தே போகும். எல்லோருக்கும் சேர்த்து ஒரே நேரம் குறியுங்கள். சவூதி, குவைத், கத்தார், பஹ்ரைன் நம்மை விட இரண்டரை மணி நேரம் பின்னால், துபாயும் மஸ்கட்டும் ஒன்றரை மணி நேரம் பின்னால். அங்கே டிசம்பர் 25 பெரும்பாலும் வேலை நாள்தான், அதனால் அவர்கள் கிளம்புவதற்கு முன் பிடிக்க வேண்டும். நமக்குக் காலை ஒன்பது என்றால் ரியாத்தில் ஆறரை, துபாயில் ஏழரை. பெரியவரின் தெளிவான நேரத்துக்கும் அது கிட்டத்தில் வரும். போனை டிவியில் இணைத்துப் பெரிதாகக் காட்டுங்கள். ஒருவர் பேசும்போது மற்றவர்கள் மியூட்டில் இருக்கட்டும்.

10. வர முடியாதவருக்கு

படுக்கையில் இருப்பவரை ஆம்புலன்ஸில் ஏற்றிக் கொண்டுவந்து சேர்த்தேன் என்று பெருமைப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அரை மணி நேரப் பண்டிகையை அவர் அறைக்குக் கொண்டுபோகலாம். நாலைந்து பேருக்கு மேல் வேண்டாம். ஒரு சின்ன ஸ்டார், படுத்தபடியே கண்ணில் படுகிற இடத்தில். இரண்டு பாட்டு, அவர் காலத்துப் பாட்டாக. விழுங்கக்கூடியவர் என்றால் வீட்டுப் பாயாசத்தில் ஒரு ஸ்பூன். கத்தோலிக்கராக இருந்தால் வீட்டுக்கு நற்கருணை கொண்டுவரப் பங்குத்தந்தையிடமும், சிஎஸ்ஐ என்றால் திருவிருந்துக்குப் போதகரிடமும் டிசம்பர் முதல் வாரமே கேளுங்கள். கடைசி வாரத்தில் அவர்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது.

முதியோர் இல்லத்தில் இருப்பவர் என்றால், பார்வை நேரத்தையும் வெளியிலிருந்து சாப்பாடு கொண்டுவரலாமா என்பதையும் முன்பே விசாரியுங்கள். ஒருவருக்கு மட்டும் பலகாரம் கொண்டுபோகாதீர்கள். அந்த அறையில் உள்ள எல்லோருக்கும் சேர்த்துக் கொண்டுபோங்கள், அவர் கையால் பங்கிடட்டும்.

11. கொண்டுவிடுவதும் மறுநாளும்

இருட்டுவதற்கு முன் கிளம்பிவிடுங்கள். கூட்டிவந்தவரே கொண்டுவிடுவது நல்லது, பை எங்கே, வாக்கர் எங்கே என்று அவருக்குத்தான் தெரியும். காரில் ஏற்றுவதற்கு முன் கழிப்பறை, மாத்திரை, பல் செட், காது மெஷின் நாலையும் சரிபாருங்கள். பல் செட்டைத் தாளில் சுற்றி மேசையில் வைத்துவிட்டு, அது இலையோடு போன கதை எல்லா ஊரிலும் உண்டு. அவர் வீட்டில் இறக்கியதும் உடனே திரும்பாமல், படுக்கை வரை கொண்டுபோய், விளக்கு போட்டு, அக்கம்பக்கத்துக்குக் கொடுக்க ஒரு பொட்டலம் பலகாரத்தை அவர் கையில் கொடுத்துவிட்டு வாருங்கள்.

மறுநாள் காலை பத்து மணிக்கு ஒரு போன். கால் வீக்கம், மூச்சிரைப்பு, வயிற்றுக் கோளாறு, சர்க்கரை எல்லாம் அன்றைக்குத்தான் தலைகாட்டும். அப்படியே என்ன பிடித்தது, எது தொந்தரவாக இருந்தது என்று கேட்டு, ஃபிரிட்ஜில் ஒட்டின அதே தாளின் பின்பக்கம் எழுதி வையுங்கள். அடுத்த வருஷம் பொறுப்பு யாருக்குப் போகிறதோ அவர் கையில் அந்தத் தாளையும் கொடுத்துவிடுங்கள்.